ஓவியம் சோறு போடுமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுவாரம். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த மாணவி ஒருத்தி, தன் அப்பாவை ஓவிய அறைக்கு அழைத்து வந்தாள். அவர் கொத்தனார். வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார்.

“பிள்ளை படம் போடுற படிப்புதான் வேணுங்குது சார். நல்லாத்தான் போடுது, நானும் பாக்குறேன். ஆனா அது சோறு போடுமா?”

இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பெற்றோர் என்னிடம் கேட்டிருந்தார். “திறமை உள்ள பையன், பயப்படாம அனுப்புங்க” என்று அன்று சொன்னேன். பையன் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தான், நல்ல மதிப்பெண்ணுடன் வெளியே வந்தான். முதல் வேலையாகத் திருமண மண்டபம் ஒன்றின் சுவரில் இருபது நாள் ஓவியம் தீட்டினான். தொகையை வாய்ப்பேச்சாகப் பேசியிருந்தார்கள். கடைசியில் கைக்கு வந்த பணம் வண்ணம் வாங்கிய செலவுக்கே போதவில்லை. இரண்டாவது வேலையிலும் அதே கதை. பிறகு ஒரு கைபேசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஒருநாள் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, “எவ்வளவு கேக்கணும்னே எனக்குத் தெரியல சார். படம் மட்டும்தான் தெரியும்” என்றான். இப்போது வரைகிறாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டான்.

அதனால் இந்த முறை கொத்தனாருக்கு உடனே பதில் சொல்லவில்லை. “நாளைக்கு வாங்க, உக்காந்து பேசுவோம்” என்றேன். அவரிடம் பேசுவதற்காக நான் திரட்டியவற்றையே இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி நம் ஒவ்வொருவரின் பள்ளிக்கும் வருகிறது. கலைத் திருவிழா தொடங்கிய பிறகு இன்னும் அதிகமாக வருகிறது.

வெற்றி என்று எதைச் சொல்கிறோம்?

ஓவியரின் வெற்றி என்றதும் கோடிக்கணக்கில் ஏலம் போன படமும், விருதும் நினைவுக்கு வருகின்றன. அவை மிகச் சிலருக்கே கிடைப்பவை. ஒரு மாணவருக்கு வழிகாட்ட அந்த அளவுகோல் உதவாது.

எனக்குப் பயன்படும் அளவுகோல் எளியது. கல்லூரியை விட்டு வந்து பதினைந்து ஆண்டு கழித்தும் ஒருவர் தன் படங்களை வரைந்துகொண்டிருந்தால், அவற்றைப் பார்க்க நான்கு பேர் இருந்தால், குடும்பமும் நடந்துகொண்டிருந்தால், அவர் வென்ற கலைஞர். திறமையுள்ள பலர் தோற்பது படத்தில் அல்ல, இந்தப் பதினைந்து ஆண்டுகளைக் கடப்பதில்தான். என் மாணவன் இரண்டாவது ஆண்டிலேயே நின்றுவிட்டான். அவனைக் கடக்கவைக்க எவை தேவைப்பட்டன என்று யோசித்தால், அவற்றில் பாதியைப் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்திருக்க முடியும் என்று தெரிகிறது.

1966இல் ஓர் ஆசிரியர் கண்ட விடை

‘சோறு போடுமா’ என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் ஓர் ஆசிரியர்தான். சென்னை எழும்பூரை ஒட்டி இருக்கும் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அதன் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. அவருக்குப் பின் 1957இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கருக்குப் பிழைப்பின் நெருக்கடி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளமையிலேயே குடும்பப் பொறுப்பு வந்ததால் தந்தித் துறையில் வேலை பார்த்தார். அதன்பின் 1936இல், 25ஆம் வயதில்தான் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். முதல்வரான பிறகு ஒன்றைக் கவனித்தார். சிறந்த மாணவர்கள் படிப்பு முடித்ததும் ஏதோ ஒரு வேலைக்குப் போகிறார்கள். சில ஆண்டுகளில் தூரிகையைத் தொடுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

படங்களை விற்றே வாழலாம் என்று அவர் மாணவர்களுக்கு ஆசைகாட்டவில்லை. அன்றைய சென்னையில் நவீன ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. வேறொரு வழியை அவர் முன்வைத்தார். ஓவியரின் கையில் ஏற்கெனவே இருக்கும் திறனைக் கொண்டு பயன்பாட்டுப் பொருள்கள் செய்யலாம், அவற்றுக்கு வாங்குவோர் உண்டு என்றார். ஓவியர்களும் சிற்பிகளும் ஒரு கைவினைச் சங்கமாகச் சேர்ந்தார்கள். மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகள் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. வீடுகளைத் தாங்களே திட்டமிட்டுக் கட்டிக்கொண்டார்கள். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, மற்றது தங்கள் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் என்று வாழ்ந்தார்கள்.

பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. அங்கே ஓர் அருங்காட்சியகமும் இயங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளிகள் வழியில் ஒரு மணி நேரம் அங்கே இறங்கலாம்.

இந்த வரலாற்றில் நமக்குள்ள பாடம் இது: வயிற்றுக்கான வருமானம் ஒரு பக்கம் உறுதியானதால், அவர்களுடைய படம் யாருடைய விருப்பத்துக்கும் வளைய வேண்டியிருக்கவில்லை. கூட்டாக இருந்ததால் தனிமனிதரால் முடியாதது முடிந்தது. இரண்டையும் முன்கூட்டியே திட்டமிட்டார்கள்.

சோற்றுக்கு ஒரு வேலை, படத்துக்கு ஒரு நேரம்

வேறு வேலை பார்த்தால் கலைஞர் இல்லை என்று ஓர் எண்ணம் மாணவர்களிடம் இருக்கிறது. அது அவர்களைத்தான் துன்பப்படுத்துகிறது. நம் ஓவியர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் அது தவறு என்று தெரியும்.

துறையூருக்கு அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். காந்தியைக் கோட்டோவியத் தொடராக வரைந்தார். அரசர்களை வரைந்தார், பிறகு வண்ண அரூப ஓவியங்களுக்குச் சென்றார். சிற்றிதழ்களின் அட்டைகளுக்கும் எழுத்தாளர்களின் தொடர்களுக்கும் வரைந்தார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யைத் தொடராகப் படித்தவர்களுக்கு ஆதிமூலத்தின் கோடுகளும் சேர்ந்தேதான் நினைவில் இருக்கும். பத்திரிகைக்கு வரைந்ததால் அவர் ஓவியம் குறைந்துவிடவில்லை.

தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு, பத்திரிகையிலும் பின்னர் விளம்பரத் துறையிலும் உழைத்தவர். மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் நுண்ணிய பேனாக் கோடுகளில் வரைந்த மனோகர் தேவதாஸ், தொழிலால் வேதியியலாளர். கண்பார்வை படிப்படியாகக் குறையும் நோய் வந்த பிறகும் விடாமல் வரைந்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

எந்த வேலையை எடுத்துக்கொள்வது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். மாணவர்களிடம் நான் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன். அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் வரையத் தெம்பு மிச்சம் இருக்குமா? அந்த வேலை கைக்கும் கண்ணுக்கும் ஏதாவது கற்றுத் தருமா? துணி வடிவமைப்பு, புத்தக வடிவமைப்பு, அசைவூட்டம், திரைப்படக் கலை இயக்கம், சுவரோவியம், அருங்காட்சியகப் பணி, ஓவிய ஆசிரியர் பணி ஆகியவை இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு ஆம் என்று சொல்லக்கூடியவை.

கையும் கண்ணும்

இதில் குறுக்கு வழி கிடையாது. இசை படிக்கும் பிள்ளை தினமும் சாதகம் செய்ய வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஓவியத்துக்கு மட்டும் ‘மனநிலை வரட்டும்’ என்று காத்திருக்கிறோம். நாள்தோறும் அரைமணி நேரம், கண்ணெதிரே இருக்கும் ஒன்றைப் பார்த்து வரைவது அடிப்படை. படத்தைப் பார்த்துப் படம் வரைவதில் கை பழகும், ஆனால் கண் பழகாது. முப்பரிமாணமான ஒரு செம்பைத் தாளில் கொண்டுவரும்போது எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று பிள்ளை தானே முடிவெடுக்கிறது. புகைப்படத்திலோ அந்த முடிவை வேறு ஒருவர் எடுத்து முடித்திருப்பார்.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் தலைவர்களின் படங்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பயிற்சியே நடக்கிறது. அது பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதோடு நின்றுவிட்ட மாணவர்கள் கவின்கலைக் கல்லூரியின் செய்முறைத் தேர்வில் உயிருள்ள ஒருவரை எதிரே உட்காரவைத்தால் திணறிப்போகிறார்கள்.

தன் ஊர், தன் மொழி

வரையத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை அடையாளம் காட்டுவது அவர் எதைப் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்பது. பி.வி. ஜானகிராம் கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் உலோகக் கவசங்களை உற்றுப் பார்த்தார். அதிலிருந்து செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கும் தன் சிற்ப முறையை அமைத்துக்கொண்டார். பணிக்கர் எண்கள், எழுத்துகள், ஜாதகக் கட்டங்கள் போன்ற குறிகளிலிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற தன் ஓவியத் தொடரை உருவாக்கினார். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வந்து, 2021இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் இளையராஜா, தன் ஊர்ப் பெண்களையும் வீட்டு முற்றத்தையும் சன்னல் வழி விழும் வெளிச்சத்தையும் வரைந்தே தமிழ்நாடு முழுதும் அறியப்பட்டார்.

மாணவர்கள் மலை, ஆறு, தென்னை, குடிசை, சூரியன் என்று ஒரே படத்தை வரைவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மலையே இல்லாத ஊரிலும் இரண்டு மலைக்கு நடுவே சூரியன் உதிக்கும்! அவர்கள் தெருவில் இருக்கும் குடிநீர்த் தொட்டி, ரேஷன் கடை வரிசை, தறி, உப்பளம், செங்கல் சூளை ஆகியவற்றை வரையலாம் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ‘யாராவது’ பெரும்பாலும் நாமாகத்தான் இருக்க முடியும்.

தனியாக நிற்க முடியாது

1944இல், தன் பெயர் பரவலாவதற்கு முன்பே, பணிக்கரும் நண்பர்களும் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். சேர்ந்து கண்காட்சி வைப்பதும், ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் குறை சொல்வதும் கலைஞருக்குச் சாப்பாடு மாதிரி. இன்றும் வாய்ப்புகள் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமே வருகின்றன. ஒருவருக்கு வந்த வேலையில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்கிறார். ஒருவர் விண்ணப்பித்த உதவித்தொகையை நண்பருக்குச் சொல்கிறார்.

மூலப் படங்களை நேரில் பார்ப்பதும் இதில் அடங்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் கண்காட்சிக் கூடம், மாவட்ட அரசு அருங்காட்சியகங்கள் ஆகியவற்றுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லலாம். கேரளத்தில் 2012 முதல் நடந்துவரும் கொச்சி முசிறி பினாலேயில் கலைக் கல்லூரி மாணவர்களுக்கென்றே தனிக் கண்காட்சி உண்டு. தென் மாவட்டத்து மாணவருக்குக் கொச்சி எட்டாத தூரம் அல்ல.

கணக்கும் சட்டமும்

என் மாணவன் சறுக்கிய இடம் இது. கலைஞர் கற்றுக்கொள்ள வேண்டிய கணக்கு எட்டாம் வகுப்புச் சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் அதை யாரும் ஓவியத்தோடு சேர்த்துச் சொல்லித் தருவதில்லை. கீழே தந்துள்ள செயல்பாடு அதற்காகவே.

சட்டத்தில் நான்கு செய்திகள் தெரிந்திருந்தால் போதும். ஒன்று: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஓவியர் தானாக வரைந்த படத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே உரியது. அது அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். இரண்டு: படத்தை விற்றால் அந்தப் படம்தான் கைமாறுகிறது. எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராதவரை, வாங்கியவர் அதை நாள்காட்டியாக அச்சிட்டு விற்க முடியாது. மூன்று: ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக வரையச் சொன்ன ஓவியத்துக்கு நிலைமை வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். எனவே வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் தேவை. நான்கு: படத்தை வாங்கியவர் அதை 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால், அந்தத் தொகையில் ஒரு பங்கு கேட்க ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ சட்டம் இடம் தருகிறது.

அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்? படத்தின் அளவு, பொருள், முடிக்கும் நாள், மொத்தத் தொகை, முன்பணம், திருத்தம் எத்தனை முறை, வண்ணச் செலவு யாருடையது, பதிப்புரிமை யாருக்கு, இருவர் கையொப்பம். தமிழில் எழுதினாலே போதும். ஒன்பதாம் வகுப்பில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். அதே பாடவேளையில் இதையும் ஒரு பயிற்சியாக எழுதவைக்கலாம்.

கைபேசிக் காலம்

இன்று சிற்றூர் மாணவியும் தன் படத்தைக் கைபேசி வழியே உலகுக்குக் காட்ட முடிகிறது. நேரடியாகக் கேட்டு வாங்குவோரும் கிடைக்கிறார்கள். முன்பு இல்லாத வசதி இது. ஆனால் விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைப் பார்த்தே அடுத்த படத்தை வரைகிற பழக்கம் வந்துவிட்டால், பிள்ளை தன் கண்ணை இழந்துவிடும். ‘பத்துப் படம் வரை, ஒன்றைப் பதிவிடு’ என்பது நான் சொல்லும் வழக்கம்.

செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் படம் தருகிறது. இதைக் கண்டு மாணவர்கள் அஞ்சுவது இயல்பு. நம் ஊர்களில் ஃபிளெக்ஸ் அச்சு வந்தபோது பெயர்ப்பலகை ஓவியர்களுக்கு நேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எழுத்து மட்டும் எழுதியவர்கள் வேலையை இழந்தார்கள். எங்கள் ஊரில் தொழிலில் நின்றவர்கள், கோயில் வண்ண வேலைக்கும் பள்ளிச் சுவர்களுக்கும் மாறியவர்கள்தாம். எளிதில் நகலெடுக்கக்கூடிய அலங்காரப் படத்துக்கு இனி விலை குறையும். ஓர் இடத்தில் போய் நின்று பார்த்து, கையால் செய்து, ஏன் இப்படிச் செய்தேன் என்று சொல்லத் தெரிந்தவரின் வேலை அவ்வளவு எளிதில் நகலாகாது. சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் 2020 முதல் எழுந்த பெரிய ஓவியங்கள், அந்தக் குடியிருப்பின் மக்கள் நடுவே சாரம் கட்டி நின்று தீட்டப்பட்டவை.

‘சொல்லத் தெரிந்தவர்’ என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விண்ணப்பமோ உதவித்தொகையோ கண்காட்சியோ எதுவானாலும், தன் படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்கள். அங்கே தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓவிய ஆசிரியருக்கு ஈடாக உதவ முடியும்.

படிப்பு வழிகள்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நான்காண்டு இளங்கவின்கலைப் பட்டம் படிக்கலாம். சேர்க்கையில் செய்முறைத் தகுதித் தேர்வு உண்டு. ஓவியம், சிற்பம், காட்சித் தகவல் வடிவமைப்பு எனப் பிரிவுகள் உள்ளன. சுடுமண், துணி வடிவமைப்பு, பதிப்போவியம் போன்றவற்றையும் மாணவர்கள் கேட்டறிந்துகொள்ள வேண்டும். மரபுச் சிற்பத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது. புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் உள்ளது. தேர்வுத் துறை நடத்தும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம் கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளைப் பள்ளியில் படிக்கும்போதே எழுதலாமா என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து வழிகாட்டுங்கள். விண்ணப்ப நாள்கள் குறுகியவை. மே மாதத்தில் நாளிதழைப் பார்க்க மறந்தால் ஓராண்டு போய்விடும்.

நாம் என்ன செய்யலாம்?

தொடக்கநிலை: மாடு நீலமாக இருந்தால் திருத்த வேண்டாம். “ஏன் நீலம்?” என்று கேளுங்கள், பிள்ளை சொல்லும். படத்தின் பின்புறம் பெயரும் தேதியும் எழுதும் பழக்கத்தை இங்கேயே தொடங்குங்கள். ஒரு பழைய நாளிதழை மடித்து ஒட்டினால் படக் கோப்பு தயார்.

நடுநிலை: வாரம் ஒருமுறை பத்து நிமிடம், பார்த்து வரைதல். ஒரு செருப்பு, ஒரு கொத்து முருங்கைக்கீரை, சன்னல் கம்பி, பக்கத்து மாணவரின் கை. அழிப்பான் கூடாது. அறிவியல் ஆசிரியர் இலையின் நரம்பமைப்பைப் பார்த்து வரையவைத்தால் இரண்டு பாடமும் ஒன்றாக நடந்துவிடும்.

உயர்நிலை: ஊரில் கையால் பிழைக்கும் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். குயவர், ஸ்தபதி, பெயர்ப்பலகை ஓவியர், தறிக்காரர் என யாராக இருந்தாலும் சரி. விலையை எப்படி முடிவு செய்கிறார், வேலை இல்லாத மாதத்தில் என்ன செய்கிறார் என்று மாணவர்கள் கேட்கட்டும்.

மேல்நிலை: ஆர்வமுள்ள மாணவர் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தன் சிறந்த 15 படங்களைத் தனியே சேர்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதட்டும். பெற்றோரோடு ஒருமுறையாவது கல்லூரியை நேரில் பார்த்துவரச் சொல்லுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு: ஒரு படத்தின் விலை

வகுப்பு: 8 முதல் 10 வரை. நேரம்: இரண்டு பாடவேளை. ஓவிய ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து நடத்தலாம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை மாணவர்களே விசாரித்து மாற்றிக்கொள்ளட்டும்.

ஒரு மாணவி திரைச்சீலையில் ஓவியம் ஒன்று வரைகிறாள். திரைச்சீலையும் வண்ணமும் 1,800 ரூபாய், சட்டம் 1,200 ரூபாய், எடுத்துச்செல்லும் செலவு 600 ரூபாய். ஆக 3,600 ரூபாய். உழைப்பு 36 மணி நேரம், மணிக்கு 150 ரூபாய் வீதம் 5,400 ரூபாய். மொத்தம் 9,000 ரூபாய். காட்சிக்கூடம், விற்கும் விலையில் 40 விழுக்காட்டைக் கழிவாக எடுத்துக்கொள்ளும். படத்துக்கு என்ன விலை வைக்க வேண்டும்?

முதலில் மாணவர்களைக் குழுவாக விடையெழுத விடுங்கள். பெரும்பாலான குழுக்கள் 9,000 ரூபாயோடு அதன் 40 விழுக்காடான 3,600 ரூபாயைக் கூட்டி 12,600 என்று எழுதும். இப்போது சரிபார்க்கச் சொல்லுங்கள். 12,600 ரூபாயில் 40 விழுக்காடு 5,040 ரூபாய். அது போக ஓவியர் கைக்கு வருவது 7,560 ரூபாய். 1,440 ரூபாய் நட்டம். தவறு எங்கே? கழிவு அடக்க விலையின் மேல் அல்ல, விற்பனை விலையின் மேல். எனவே 9,000 ரூபாய் என்பது விற்பனை விலையின் 60 விழுக்காடு. விலை 15,000 ரூபாய்.

தொடர்ந்து கேட்க வேண்டியவை: உழைப்புக்கு மணிக்கு 150 ரூபாய் சரிதானா? உங்கள் ஊரில் கொத்தனாரின் நாள் கூலியோடு ஒப்பிடுங்கள். அந்தப் படம் ஓராண்டு விற்காமல் இருந்தால் மாணவி எப்படிச் சமாளிப்பாள்? நண்பர் ஒருவர் “எனக்குச் சும்மா வரைந்து கொடேன்” என்று கேட்டால் என்ன சொல்வாள்? கடைசிக் கேள்வியில்தான் வகுப்பு கலகலப்பாகும். அந்த விவாதத்தை நிறுத்த வேண்டாம்.

மறுநாள்

கொத்தனார் மறுநாள் வந்தார். நான் மேலே எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். உறுதியாகச் சோறு போடும் என்று என்னால் சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. முதல் சில ஆண்டு இழுபறியாகத்தான் இருக்கும், வேறு வேலையோடு சேர்த்துத்தான் ஓட வேண்டியிருக்கும், ஆனால் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு வழி இருக்கிறது என்றேன். விலைக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை பார்த்தார்.

“நானும் ஆரம்பத்துல சதுர அடிக்கு ரேட்டு பேசத் தெரியாம ரெண்டு வீட்டுல நட்டப்பட்டவன்தான் சார். சுவரு நேராத்தான் நின்னுச்சு. நாந்தான் சாஞ்சேன்” என்றார். பிறகு மகளைப் பார்த்து, “எழுதி வாங்காம எந்த வேலையும் ஒத்துக்கக் கூடாது, தெரியுதா?” என்றார்.

அவள் இப்போது கும்பகோணத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறையில் ஒரு புத்தகத்துக்கு அட்டைப்படம் வரைந்து கொடுத்ததாகச் சொல்லி, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். திருத்தம் இரண்டு முறை மட்டும் என்று அதில் எழுதியிருந்தது.

கைபேசிக் கடையில் இருக்கும் மாணவனையும் போய்ப் பார்த்தேன். எங்கள் எட்டாம் வகுப்புக்கு வந்து, மண்டபச் சுவரில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரை வகுப்புக்கு அழையுங்கள்.